கரிசல் மண்ணில் ஒரு பொதுக்கிணறு: தூர் வாரியது முதல் குளோரின் பானை வரை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில், ஒரு பொதுக்கிணற்றையும் அதைச் சுற்றியுள்ள சில வீட்டுக் கிணறுகளையும் குடிக்கத் தகுந்தவையாக மாற்றும் வேலையைக் குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் சுய உதவித் திட்டத்தின் அயல்கூட்டத்துப் பெண்களும் வாசகசாலை இளைஞர்களும் சேர்ந்து செய்தோம். எங்களைப் போலவே கரிசல் மண்ணில் கிணறு வைத்திருக்கும் எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்து ஊர்களுக்குப் பயன்படட்டும் என்று செய்த முறையையும் அளவுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேரளத்தில் மஞ்சள்காமாலை பரவிய செய்திகள் 2024-ஆம் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்தன. எறணாகுளம், மலப்புறம் மாவட்டங்களில் அது கடுமையாகவே இருந்தது. எங்கள் தெருவிலும் சிலருக்கு வந்தபோது, அந்த வாரத்தில் எங்கே விருந்து உண்டார்கள், எந்தக் கடையில் பழச்சாறு குடித்தார்கள் என்றுதான் எல்லோரும் விசாரித்தார்கள். ஆனால் இந்தக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலுக்குள் போன பிறகு நோய் வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் ஆகும்; பெரும்பாலும் ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே இன்று கண் மஞ்சளாகியிருப்பவர் போன மாதம் குடித்த தண்ணீரைத்தான் நாம் தேட வேண்டும். எங்கள் தெருவில் நோய் கண்ட எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான்.

சுகாதார ஆய்வாளரின் உதவியுடன் முதலில் தண்ணீரைச் சோதித்தோம். மலக்கலப்பைக் கண்டறிய ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்னும் எளிய சோதனை உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட முறை அது. மருந்து தோய்த்த காகிதம் இருக்கும் குப்பியில் குறித்த கோடு வரை தண்ணீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்பு உள்ள தண்ணீர் ஒன்றிரண்டு நாட்களில் கருத்துவிடும். பொதுக்கிணற்றுக் குப்பி மறுநாளே கருத்துப்போனது. வீட்டுக் கிணறுகளிலும் பாதிக்கு மேல் கருத்தன. அந்தக் குப்பிகளை வாசகசாலைத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். அதுவரை எங்கள் வேலையைப் பெரிதாக எண்ணாதவர்கள்கூட அன்று மாலையே என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தார்கள். சொல்லி விளக்குவதைவிடக் கண்ணில் காட்டுவது பலன் தரும் என்பதால், இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் குப்பிச் சோதனையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

தூர் வாருவதற்கு ஏற்ற காலம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய வாரங்கள். அப்போதுதான் நீர்மட்டம் அடியில் இருக்கும். டீசல் மோட்டார் வைத்து இறைத்தோம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் அல்லது பெட்ரோல் மோட்டாரை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது; அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள் தேங்கி, இறங்குகிறவரை நொடியில் மயங்கவைத்துக் கொன்றுவிடும். மோட்டாரைக் கரையிலும் தள்ளி, காற்று கிணற்றை நோக்கி வீசாத பக்கத்தில் வைத்தோம். தூர் வாரிப் பழகிய ஆட்களை மட்டுமே இறக்கினோம்; அதுவும் இடுப்பில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பிடிக்க மேலே இரண்டு பேர் நின்ற பிறகுதான் இறக்கினோம். மேலே நிற்பவர்களுக்கு இட்ட கட்டளை ஒன்றே: கீழே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்றால் அவரை இழுத்துத் தூக்க வேண்டுமே தவிர, காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவர் இறங்கக் கூடாது.

அடியிலிருந்து சேறும், அறுந்துபோன வாளிகளும், செருப்பும், பாதாளக்கரண்டிக்கு அகப்படாமல் கிடந்த குடங்களும் வந்தன. உட்சுவர்க் கற்களின் இடுக்கில் வேர்விட்டிருந்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, அந்த இடுக்குகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்தோம். மேற்பகுதியில் இருக்கும் இந்த இடுக்குகளின் வழியாகத்தான் கிணற்றடியில் சிந்தும் தண்ணீர் திரும்ப உள்ளே இறங்குகிறது. துணி துவைத்த நீரும், குழந்தைகளைக் கழுவிய நீரும், மாடு குடித்து மிச்சம் வைத்த நீரும் அப்படியே கீழே போய், மறுநாள் நம் குடத்தில் ஏறி வருகிறது. இதை அடைக்காமல் எவ்வளவு மருந்து போட்டாலும், அது மேலிருந்து வரும் அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும்.

ஆகவே கிணற்றைச் சுற்றித் தளம் போட்டோம். தளம் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் அகலமும், கைப்பிடிச் சுவர் முக்கால் மீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் சுவர் தாழ்ந்திருந்தது, அதை உயர்த்தினோம். தளத்துக்கு வந்தபோது மண்ணின் குணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. கேரளத்தின் பல பகுதிகளில் வெட்டுக்கல்லும் செம்மண்ணும்தான் தரை. எங்கள் பக்கம் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நேரடியாகக் கான்கிரீட் போட்டால் இரண்டு கோடைக்குள் தளம் பிளந்துவிடும் என்று எங்கள் கொத்தனார் சொன்னார். அவர் சொற்படி, கரிசலை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினோம். அதன் மேல்தான் ஜல்லிக் கான்கிரீட் வந்தது. தளமும் சுவரும் சேரும் இடத்தை ஒட்டவிடாமல் விரற்கடை அளவு இடைவெளி விட்டு, அதில் தாரை உருக்கி ஊற்றினோம். மண் எவ்வளவு கெட்டியாக இறுகியிருந்தாலும் தளம் சற்று அசையத்தான் செய்யும். அந்த அசைவு சுவரை இழுத்துப் பிளக்காமலிருக்கவும், இடைவெளியில் நீர் இறங்காமலிருக்கவும் இந்த ஏற்பாடு. தளம் வெளிப்புறமாகச் சரிந்து, ஓரத்தில் ஓடும் சிறு வாய்க்காலில் நீர் சேருகிறது. ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயவிடாமல் வைத்திருந்தோம்.

அந்த வாய்க்கால் நீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். எல்லோரும் சொல்வது உறிஞ்சுகுழி. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பெரிய கற்களும் மேலே வர வரச் சிறிய கற்களும் நிரப்பி, கழிவுநீரை அதில் விட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும். செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் இது நன்றாக வேலை செய்கிறது. கரிசலிலும் செய்யுமா என்று பார்க்க, ஒரு முழ ஆழத்தில் சிறு குழி தோண்டி, இரவு முழுவதும் தண்ணீர் நிறுத்தி ஊறவைத்து, காலையில் மீண்டும் நிரப்பி, குச்சியில் கோடு போட்டு, நீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தோம். மதியம் வரை கோடு ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. ஊறிய கரிசல் உப்பிக்கொண்டு தன் துளைகளைத் தானே அடைத்துவிடுகிறது. அங்கே உறிஞ்சுகுழி வெட்டினால் அது நாளடைவில் கியூலெக்ஸ் கொசு வளரும் சாக்கடைத் தொட்டியாகத்தான் நிற்கும். பாடத்தில் உள்ள படத்தைப் பார்த்து அப்படியே வெட்டாமல், இந்தச் சிறு சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை இதைப் படிக்கிறவர்கள் மறவாமல் இருக்க வேண்டும்.

மண் குடிக்காத தண்ணீரைச் செடியைக் குடிக்கவைத்தோம். கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி, தாழ்ந்த பக்கத்தில், ஆழமில்லாத அகலப் பாத்தி ஒன்றை நீளவாக்கில் வெட்டி, அதில் வாழையும் சேம்பும் கல்வாழையும் நட்டோம். வாய்க்கால் நீர் நேராகப் பாத்திக்குப் போவதில்லை. இடையில் செங்கல் கட்டிய சிறு தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் வாயில் உள்ள கம்பிவலை சோற்றுப்பருக்கையையும் முடியையும் தடுக்கிறது. அடியில் மண்டி தங்குகிறது. பாத்தியின் நடுவில் மட்கிய தென்னை மட்டைகளையும் சருகுகளையும் போட்டு மூடியிருப்பதால் நீர் வெயிலில் தெரியும்படி தேங்குவதில்லை. பாத்தியை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். ஒரு வாரம் ஒரு பக்கம், மறு வாரம் மறுபக்கம் என்று மாற்றி விடுவதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் காய்ந்து மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. தொட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவுகிறோம். கேரளச் சுகாதாரத் துறை கொசு ஒழிப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வலியுறுத்தும் டிரை டே, அதாவது தேங்கிய நீரை அகற்றும் வேலையோடு இதையும் சேர்த்துக்கொண்டதால் தனியாக ஒருவரை நினைவூட்ட வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே குளோரின். கிணற்று நீரின் அளவைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சுருக்கமான கணக்கு உண்டு: விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, வருவதை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் பொதுக்கிணற்றின் விட்டம் 3 மீட்டர்; நீர் 2 மீட்டர் நிற்கும்போது சுமார் 14,100 லிட்டர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பதால் 35 கிராம் தேவைப்படுகிறது. தூர் வாரிய பிறகும், நோய் பரவும் காலத்திலும் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 70 கிராம் போட வேண்டும். நீர்மட்டம் மாறினால் அளவும் மாறும். எங்கள் பகுதியில் இதை மறக்கவே கூடாது. தமிழகமும் கேரளமும் நீரைப் பகிரும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வரும் தண்ணீர் கால்வாயில் ஓடத் தொடங்கினால், மழையே இல்லாவிட்டாலும் சில கிணறுகளில் மட்டம் ஏறிவிடுகிறது. அதனால் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் வண்ணக் கோடுகள் இட்டு, எந்தக் கோடு வரை நீர் நின்றால் எத்தனை கரண்டி என்று பக்கத்திலேயே தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிட்டோம்.

பவுடரை அப்படியே கிணற்றில் தூவுவது எங்கும் காணும் பழக்கம். அது சரியான முறையன்று. தேவையான பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சிறிது நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழுமாக வேகமாக ஆட்டினால் கரைசல் எல்லா இடத்திலும் பரவும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். ஏற்கெனவே பருப்பு வேகாத எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம். கலந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் நீர் சேந்தக் கூடாது. நாங்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் போடுகிறோம்.

பொதுக்கிணற்றுக்கு இப்படிக் கையால் போட்டாலும், வீட்டுக் கிணறுகளுக்குத் தினமும் போடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த இரட்டைப் பானை முறை அங்கே கைகொடுத்தது. ஒரு மண்பானைக்குள் இன்னொரு மண்பானை. வெளிப்பானை உருளை வடிவத்தில், உள்ளளவு 30 சென்டிமீட்டர் உயரமும் 25 சென்டிமீட்டர் விட்டமும் கொண்டது. இரண்டிலும் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒவ்வொரு துளை இருக்க வேண்டும்: உட்பானையில் வாய்க்குச் சற்றுக் கீழே, வெளிப்பானையில் அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே. வயிறு பெருத்த வழக்கமான பானை இதற்கு ஆகாது என்பதால், பக்கத்து ஊர்க் குயவரிடம் அளவு சொல்லிப் புதிதாக வனையச் செய்தோம். துளையைச் சூளையில் வைப்பதற்கு முன், மண் பாதி உலர்ந்திருக்கும்போதே போட வேண்டும் என்று அவரே சொன்னார். சுட்ட பானையைத் துளைத்தால் கீறல் விழும்.

உள்ளே நிரப்பும் கலவை 1 கிலோ பிளீச்சிங் பவுடரும், சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள 2 கிலோ மணலும். எங்கள் பக்கம் ஆற்று மணல் கிடைப்பது அரிது. எம்-சாண்டைச் சலித்து, தூசு போகும்வரை அலசிக் காயவைத்துப் பயன்படுத்தினோம். தூசோடு போட்டால் கலவை களியாக இறுகித் துளையை அடைத்துக்கொள்ளும். கலவையை லேசாக ஈரப்படுத்தி, உட்பானையில் துளைக்கு 3 சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பி, அதை வெளிப்பானைக்குள் வைத்து, வெளிப்பானையின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடிக் கட்ட வேண்டும். பிறகு நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது கீழே, வாளி இடிக்காத ஆழத்தில் தொங்கவிட வேண்டும். தேங்காய் நார்க்கயிறு குளோரினில் இற்றுப்போகும். நைலான் கயிறே ஏற்றது. கலக்கும்போது கையுறை அணிந்து, மூக்கைத் துணியால் கட்டி, காற்றோட்டமான முற்றத்தில் நின்று கலக்க வேண்டும். பவுடரைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். திறந்த மூட்டையில் கிடந்த பவுடருக்கு அந்தச் சக்தி இருக்காது. தகர டப்பாவில் வைத்தால் தகரமே அரித்துப்போகும்.

சுமார் 4,500 லிட்டர் நீருள்ள, நாளொன்றுக்கு 360 முதல் 450 லிட்டர் வரை சேந்தும் கிணற்றில் இந்தப் பானை இரண்டு மூன்று வாரங்கள் வேலை செய்யும். 1.8 மீட்டர் விட்டமும் 1.75 மீட்டர் நீரும் உள்ள கிணறு சுமார் 4,450 லிட்டர் கொள்ளும் என்பதால், எங்கள் ஊர் வீட்டுக் கிணறுகளுக்கு அது பொருந்தி வந்தது. மோட்டார் வைத்துத் தோட்டத்துக்கும் இறைக்கும் கிணறுகளில் அதே பானை தாக்குப்பிடிப்பதில்லை. அங்கே வாளிமுறைக்கே திரும்பினோம். கடுங்கோடையில் நீரின் ஆழம் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விட்டால் பானையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் பலிக்கிறதா என்று சொல்வது காலையில் பார்க்கும் மிச்சக் குளோரின்தான், அதாவது நீரில் இன்னும் மிஞ்சியிருக்கும் குளோரின். ஆஷா என்னும் ஊர்ச் சுகாதார ஊழியர் கொண்டுவரும், குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில், முதல் குடம் சேந்துவதற்கு முன் எடுத்த நீரில் சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வைரஸ் நோய்களிலிருந்து காப்பு வேண்டுமானால் 0.5 மில்லிகிராம். காமாலையை மனத்தில் வைத்துத் தொடங்கிய வேலை என்பதால் நாங்கள் 0.5-ஐயே பிடித்துக்கொண்டோம். கணக்குப்படி போட்டும் நிறம் வெளிறியிருந்தால் பவுடர் பழையது, அல்லது எங்கிருந்தோ அழுக்கு இறங்குகிறது என்று பொருள். ஒரு வீட்டில் அப்படி வெளிறியே இருந்ததால் தேடிப் பார்த்தபோது, கழிப்பறைக் குழி கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது தெரிந்தது. அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, பக்கத்து வீட்டுக் கிணற்றில் சேந்த ஏற்பாடு செய்தோம். பானையைத் தொங்கவிட்டு அவர்களைச் சமாதானப்படுத்துவது தவறான தைரியத்தைத் தந்திருக்கும்.

மறுப்புகளும் வந்தன. “மருந்து வாசம் அடிக்குதுங்க, இந்தத் தண்ணியில காப்பி வெச்சா வாயில வெக்க முடியலைங்க” என்று தெருக்கோடிப் பெரியம்மா சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். புதுப்பானை இறக்கிய முதல் இரண்டு நாட்கள் வாசம் தூக்கலாகவே இருக்கும். குடத்து நீரைச் சில மணி நேரம் மெல்லிய துணி கட்டித் திறந்து வைத்தால் அது குறையும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். அயல்கூட்டத் தலைவி அக்கா பெரியம்மாவின் வீட்டிலேயே அப்படி வைத்த நீரில் காப்பி போட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. கிணற்றில் மீன் விட்டிருந்த வீடுகளின் கவலை வேறு வகை. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று விட்ட கப்பி மீன்கள் இந்த அளவு குளோரினில் பிழைக்காது. அவற்றைப் பிடித்துத் துணி துவைக்கும் தொட்டிகளிலும் மாட்டுத் தொட்டிகளிலும் விட்டுவிட்டு, கிணற்று வாயை நைலான் வலையால் மூடச் சொன்னோம். சருகு விழாமலிருக்கவும் அந்த வலை உதவுகிறது.

இன்னொன்றையும் எங்கள் பகுதி மக்கள் தெளிவாக அறிய வேண்டும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள இடங்கள் இருக்கின்றன. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரிவது அதன் அடையாளம். குளோரின் அதைப் போக்காது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீருக்கு வழியில்லாதபோது 1.5 மில்லிகிராம் வரையும் வைத்திருக்கிறது. கிணற்றைச் சுத்தம் செய்த கையோடு நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி இந்த அளவையும் பார்த்துவிட வேண்டும். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

பவுடர் போடும் பொறுப்பை நீர் சேந்தும் பெண்களே தங்களுக்குள் வாரவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். அளவுக் கரண்டியும் டப்பாச் சாவியும் அந்த வாரத்து வீட்டுக்கு மாறும். போட்ட தேதியும் காலையில் பார்த்த நிறமும் ஒரு நோட்டில் ஏறும். பள்ளிக் கோடை விடுமுறையில் பலர் கோயம்புத்தூர்ப் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போய்விடுவதால் அந்த வாரங்களுக்கு மட்டும் வாசகசாலைப் பையன்கள் பொறுப்பேற்கிறார்கள். நோட்டில் விடுபட்ட தேதிகள் இருக்கத்தான் செய்கின்றன. விடுபட்ட மறுநாள் குளோரோஸ்கோப்பில் நிறம் வெளிறுவதை எல்லோரும் பார்ப்பதால், அடுத்த வாரத்துக்காரர் தாமாகவே கவனமாகிவிடுகிறார். கழிப்பறைக் குழி அருகில் இருந்த அந்த வீட்டுக்குப் புதிய குழியை வேறு பக்கம் மாற்றி வெட்ட பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கும் கரிசல்தான் என்பதால், இடம் குறிப்பதற்கு முன் இரவு முழுக்க நீர் நிறுத்திக் கோடு பார்க்கும் சோதனையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யவிருக்கிறோம்.